வலி மாத்திரையால் கிட்னி கெட்டதா, எந்த டெஸ்டில் தெரியும்?

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. மூட்டு வலிக்கு ஆறு வருடமாக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிடுகிறார். கிரியேட்டினின் 1.3. மாத்திரையால்தான் வந்ததா? எந்த டெஸ்டில் தெரியும்?"

'இது வலி மாத்திரை செய்த வேலை' என்று பெயர் சொல்லிக் காட்டும் டெஸ்ட் கிடையாது. விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் அந்த 1.3. கொஞ்சம்தானே கூட என்று விட்டுவிடாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவு. தசை குறைவானவருக்கு அது குறைவாகத்தான் இருக்க வேண்டும். 25 வயதுப் பையனுக்கு 1.3 இருந்தால் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, 78 பக்கம் வரும். உங்கள் அம்மாவுக்கு அதே 1.3 என்றால் 48தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதனால் ஒரு ரிப்போர்ட்டோடு முடிவு செய்ய முடியாது. பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள்.

அப்புறம் சிறுநீர். ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். ஆனால் வலி மாத்திரை பெரும்பாலும் வடிகட்டியை விட்டுவிட்டு, அடுத்துள்ள நுண்குழாய்களைக் கெடுக்கும். புரதம் அதிகம் போகாமலே கிட்னி கெட்டிருக்கலாம். சீழ் செல் இருக்கும், கல்ச்சரில் கிருமி வளராது. அது ஒரு துப்பு. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போகிறாரா என்றும் கேளுங்கள்.

ஸ்கேனில் இரண்டு கிட்னியும் 9 சென்டிமீட்டருக்குக் கீழே சுருங்கியிருந்தால் பழைய பாதிப்பு. பயாப்ஸி, அதாவது கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது, எல்லோருக்கும் தேவையில்லை. புரதம் நிறையப் போனாலோ கிரியேட்டினின் திடீரென ஏறினாலோதான்.

சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா? சர்க்கரையால் கிட்னி கெட்டிருந்தால் பெரும்பாலும் விழித்திரையிலும் அடையாளம் இருக்கும். பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டே டைக்ளோஃபெனாக்கும் போட்டால் கிட்னிக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் அடிபடும்.

என்னைக் கேட்டால் நல்ல டெஸ்ட் இதுதான்: டாக்டரிடம் சொல்லி டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, சில வாரத்தில் கிரியேட்டினினை மறுபடி பாருங்கள். இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் அந்த மாத்திரைதான். இறங்காவிட்டால் மாத்திரை நிரபராதி என்று அர்த்தமில்லை, தழும்பு விழுந்திருக்கலாம். அதுவரை வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

போகும்போது காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நம் அம்மாக்கள் பிரஷர் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். மூட்டு வலிக்குப் போடுவதை ஒரு மாத்திரையாகவே கணக்கில் வைப்பதில்லை.