ஒரே மாதிரி ரெண்டு சாக்லேட், ஆனா வரி வேற வேற! அமெரிக்காவோட ஆன்லைன் டாக்ஸ் கூத்து

வணக்கம் மக்களே! (ரெண்டு சாக்லேட்டையும் கேமரா கிட்ட காட்டணும்) இது ட்விக்ஸ், இது ஸ்னிக்கர்ஸ். ரெண்டுலயும் உள்ள கேரமல், மேல சாக்லேட், கடையில பக்கத்து பக்கத்துல தான் அடுக்கி வெச்சிருப்பாங்க. ஆனா அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு மிட்டாய், ரெண்டுக்கும் வேற வேற டாக்ஸ். இத அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியே தீர்ப்புல எழுதி வெச்சிருக்காரு. காரணம் என்னன்னு யோசிச்சு வைங்க, கொஞ்ச நேரத்துல சொல்றேன், ஓட்டிப் பாத்துடாதீங்க!

பேக்ரவுண்ட் கொஞ்சம் போர், வேகமா முடிச்சிடறேன். நம்ம எம்ஆர்பி விலையில வரியும் அடங்கிடும், அங்க அப்படி இல்ல, ரேக்குல ஒரு விலை பாத்துட்டு பில் போடப் போனா சேல்ஸ் டாக்ஸ் தனியா ஏறும். மாநிலம் போடறது போதாதுன்னு கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), சிட்டின்னு ஆளாளுக்கு மேல கொஞ்சம் போட்டுக்குவாங்க. கடைக்காரர் வசூல் பண்ணி கட்டணும். சரி, கடை வேற மாநிலத்துல இருந்தா யாரு வசூல் பண்றது? இந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்ளோ சண்டையும்.

க்வில்னு ஒரு கம்பெனி, கேட்டலாக் அனுப்பி பேப்பர், பேனா மாதிரி ஆபீஸ் சாமான் விக்கிறவங்க. நார்த் டகோட்டா அவங்கள வரி வசூலிச்சு கட்டச் சொல்லுச்சு. க்வில்லுக்கு அங்க கடையும் இல்ல, ஆளும் இல்ல. ஆனா ஆர்டர் போடறதுக்குன்னு கஸ்டமர் சிலர் கையில க்வில் குடுத்த ஃப்ளாப்பி டிஸ்க் இருந்துச்சு, "இதோ இருக்கே உங்க சொத்து"ன்னு மாநிலம் அதையும் தூக்கிக் காட்டிப் பாத்துச்சு. ஃப்ளாப்பிங்க, ஃப்ளாப்பி! 1992ல சுப்ரீம் கோர்ட், இதெல்லாம் பத்தாது, கடையோ ஆளோ அங்க இருந்தாத்தான் வசூல் பண்ணச் சொல்லலாம்னு முடிச்சிட்டாங்க.

ரெண்டே வருஷத்துல அமேசான் பொறக்குது. அத ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ் ஏன் சியாட்டிலப் புடிச்சாரு? மைக்ரோசாஃப்ட் பக்கத்துலயே இருந்ததால சாஃப்ட்வேர் ஆளுங்க கிடைப்பாங்கங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, சியாட்டில் இருக்கற வாஷிங்டன் மாநிலத்துல ஜனத்தொகை கம்மி, அப்போ வரி போட வேண்டிய கஸ்டமரும் கம்மி! அதுக்கும் முன்னாடி சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல பழங்குடி மக்களோட ரிசர்வேஷன் நிலத்துல கம்பெனி தொடங்கலாமான்னு கூட பாத்திருக்காரு, வரிச் சலுகைக்காகத்தான், அரசாங்கம் ஒத்துக்கல. புத்தகம் விக்கறதுக்கு முன்னாடியே மனுஷன் டாக்ஸ் கணக்கு போட்டுட்டாரு பாருங்க.

இதுல அடி வாங்குனது தெருமுனைக் கடைக்காரர். கடைக்கு வந்து ஷூ போட்டுப் பாத்து, நாலு நடை நடந்து பாத்து, சைஸ் நம்பர போன்ல குறிச்சுட்டு வெளிய போய் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடுவாங்க. சட்டப்படி அப்பவும் அந்த வரிய வாங்குனவரே தானா கட்டணும், அதுக்கு யூஸ் டாக்ஸ்னு பேரு. கட்டுனவங்க கையத் தூக்குங்க பாப்போம்!

2013ல வேற மாநிலத்துக் கடைகளயும் வரி வசூலிக்கச் சொல்லலாம்னு ஒரு மசோதா செனட்ல 69க்கு 27னு பாஸ் ஆச்சு, கீழ்சபையில அப்படியே தூங்கிடுச்சு. சவுத் டகோட்டாவுக்கு பொறுமை போச்சு, ஏன்னா அங்க வருமான வரியே கிடையாது, சேல்ஸ் டாக்ஸ நம்பித்தான் பொழப்பு. வருஷத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல வித்தாலோ 200 ஆர்டர் வந்தாலோ வரி வசூலிக்கணும்னு 2016ல சட்டம் போட்டு வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக்ங்கற ஆன்லைன் கடைங்க மேல கேஸ் போட்டாங்க. 2018 ஜூன் 21, சுப்ரீம் கோர்ட்ல 5க்கு 4ங்கற கணக்குல மாநிலம் ஜெயிச்சுது, அந்த 1992 ரூல் காலி. தீர்ப்பு எழுதுன நீதிபதி கென்னடி, "எங்ககிட்ட வாங்கினா சேல்ஸ் டாக்ஸ் கிடையாது"ங்கற மாதிரி வேஃபேர் பண்ணின விளம்பரத்தையே எடுத்துப் போட்டு குத்திக் காட்டிட்டாரு. சொந்த வாயால கெட்டது!

இப்போ சாக்லேட்டுக்கு வருவோம். எதிர்த்து எழுதுன நாலு பேர் சார்பா தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொன்னது இது, காங்கிரஸ், அதாவது அந்த ஊர் பார்லிமென்ட், பாத்துக்கட்டும், பழைய ரூல்ல நாம கைய வெக்க வேணாம், ஏன்னா அமெரிக்காவுல இந்த வரி போடற இடங்களே 10,000க்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரூல். ட்விக்ஸ் உள்ள பிஸ்கட் இருக்கு, அதுல மாவு இருக்கு, அதனால சாப்பாடு. ஸ்னிக்கர்ஸ்ல மாவு இல்ல, அதனால மிட்டாய். அவ்ளோதான்! நியூ ஜெர்சில ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்கினா வரி இல்ல, அதே நூல்ல கலைப்பொருள் பண்ணினா வரி உண்டு. ஆன்லைன்ல நூல் விக்கிறவர் என்ன பண்ணுவாரு, "அம்மா, என்ன பின்னப் போறீங்க"ன்னு கேப்பாரா? டெக்சாஸ்ல சாதா டியோடரண்ட்டுக்கு 6.25 சதவீதம், வேர்வையவும் நிறுத்தற டியோடரண்ட்டுக்கு ஒண்ணும் கிடையாது. இது நான் சேத்துக்கறது, நியூயார்க்ல கடையில முழு பேகல் (வளையம் மாதிரி ஒரு ரொட்டி) வாங்கிட்டுப் போனா வரி இல்ல, நறுக்கித் தரச் சொன்னா வரி. கத்திக்கு வரி போட்டிருக்காங்க! ரொம்ப சிரிக்காதீங்க, 2024ல பன்னுக்கு ஜிஎஸ்டி இல்ல, க்ரீம் வெச்சா 18 சதவீதம்னு கோயம்புத்தூர்ல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சே, அத நாம இன்னும் மறக்கல.

என்னக் கேட்டா ஷூ கடைக்காரருக்கு கென்னடி சொன்னது நியாயம், வீட்டுல உக்காந்து நூல் விக்கிறவருக்கு ராபர்ட்ஸ் சொன்னது நியாயம். இப்போ பெரும்பாலும் அமேசான், ஈபே மாதிரி தளங்களே விக்கிறவர் சார்பா வசூலிச்சு கட்டணும்னு மாநிலங்கள் சட்டம் போட்டதால கொஞ்சம் மூச்சு விட முடியுது. ஆனா சொந்தமா வெப்சைட் வெச்சவருக்கு, சில மாநிலங்கள்ல இன்னும் இருக்கற அந்த 200 ஆர்டர் ரூல் தான் தலைவலி. ஒரு டாலர் ஸ்டிக்கர 200 பேருக்கு வித்தா மொத்த வியாபாரமே 200 டாலர், அதுக்கு அந்த மாநிலத்துல பதிவு பண்ணி, கணக்கு வெச்சு, ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். இத ஆரம்பிச்சு வெச்ச சவுத் டகோட்டாவே 2023ல அந்த 200 கணக்க எடுத்துட்டாங்க.

கோதுமை மாவு காரணம்னு முதல்லயே கண்டுபிடிச்சவங்க மட்டும் கமெண்ட்ல வாங்க, பொய் சொல்லக்கூடாது. (ட்விக்ஸ் கவர பிரிக்கணும்) நான் என் சாப்பாட்ட சாப்பிடப் போறேன்.