மேடைக்கு ஒரு பொற்கிழி

வணக்கம் நேயர்களே. அரசன் புலவருக்குப் பொற்கிழி தரும் காட்சி நம் மேடை நாடகங்களில் அடிக்கடி வரும். கிழிக்குள் பிளாஸ்டிக் காசு இருந்தால் நடிகரின் கையே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குகிற கை கொஞ்சமாவது தாழ வேண்டும். அந்தக் கனத்துக்காகவே வீட்டில் உலோகக் காசு வார்க்கிறேன்.

உலைக்களம் வேண்டுமோ என்று மலைக்காதீர்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை அடுப்பில் வெறுமனே விட்டால் உருகி ஓடிவிடும், இல்லையா? அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகும். நம் சிங்கப்பூரின் புலாவ் பிரானித் தீவில் 1890இல் தொடங்கிய உருக்காலையும் இந்த உலோகத்துக்காகத்தான். அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும். நாம் ஊற்றப்போகும் ரப்பர் போன்ற சிலிக்கோன் அச்சு அந்தச் சூட்டைத் தாங்காது. வெள்ளீயத்துக்கும் சூடு தாங்கும் சிலிக்கோன் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். மீன்பிடிக் குண்டுகளை உருக்கலாமே என்பார்கள். வேண்டவே வேண்டாம், அது காரீயம், நஞ்சு. வெந்நீரிலேயே உருகும் சில உலோகக் கலவைகளில் காட்மியமும் இருக்கும். வாங்குமுன் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் அச்சு. புலியும் இரட்டை மீனும் பொறித்த சோழர் காசு மாதிரி ஒன்றைக் களிமண்ணில் செதுக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் சிலிக்கோனை ஊற்றித்தான் அச்சு எடுக்கிறோம். கந்தகம் கலந்த களிமண்ணானால் பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிக்கோன் அதன்மேல் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். சிலிக்கோனை ஒரே மூலையில், உயரத்திலிருந்து நூல்போல ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் உடைந்துவிடும். இருபக்க அச்சு என்றால், இரண்டாம் பாதியை ஊற்றுமுன் முதல் பாதியில் வாஸ்லின் தடவுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும்.

இறுகியதும் குழிகளில் டால்கம் பவுடரைத் தூரிகையால் தடவி, தட்டி உதறிவிடுங்கள். நான் வார்ப்பில் மிகவும் மதிப்பது இந்தச் சின்ன வேலையைத்தான். அந்த மெல்லிய பூச்சு இருந்தால்தான் உலோகம் மீனின் செதில்வரை ஓடிப் பாயும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அச்சிலோ கரண்டியிலோ ஒரு சொட்டு நீர் இருந்தாலும் நீராவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். அதனால் எல்லாவற்றையும் சூடாக்கி உலர்த்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. உருக்கிய பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது.

சூடு சரியா என்று பார்க்க நன்றாகக் காய்ந்த மரக்குச்சியை உலோகத்தில் வையுங்கள். மெல்லப் பழுப்பேறினால் ஊற்றலாம். சட்டென்று கருகினால் சற்று ஆறட்டும். நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கை நடுங்கி நின்றால் காசில் கோடு விழும். அப்புறம் என்ன, உடைத்து மறுபடி உருக்க வேண்டியதுதான்.

ஆறியபின் பிசிறை அரத்தால் ராவி, தங்க நிறம் பூசி, கறுப்புச் சாயத்தைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் பழமை தங்கிவிடும். வாள், துப்பாக்கி மாதிரிகள் செய்ய ஆசைப்படுபவர்கள் மட்டும் அச்சில் கை வைக்குமுன் காவல்துறையிடம் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.