பந்தியில் செய்த உடன்படிக்கை

அவையோருக்கு வணக்கம்.

இன்றைய தலைப்பு ஆதித் திருச்சபையின் வேத எழுத்துகளில் உடன்படிக்கை, அதாவது கடவுள் மனிதரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். கொஞ்சம் கனமான தலைப்புதான். அதனால் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு கிண்ணத்தை எடுத்துச் சொன்ன வார்த்தைகளை மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் கைக்கு வந்திருப்பவற்றில் அந்த வார்த்தைகளை முதலில் எழுத்தில் வைத்தவர் ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல். கி.பி. 54, 55 வாக்கில் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு அவர் எழுதிய கடிதத்தில், 11-ஆம் அதிகாரத்தில் அவை இருக்கின்றன: "இந்தப் பாத்திரம் என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையாயிருக்கிறது." மாற்கு சுவிசேஷம் 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் பவுலின் கடிதம் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தது.

இவ்வளவு பெரிய வார்த்தைகளை எழுதவேண்டிய தேவை பவுலுக்கு எப்படி வந்தது? பந்தியில் நடந்த ஒரு அசிங்கத்தால் வந்தது.

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த பணக்கார ஊர். ரோமர்கள் கி.மு. 146-இல் அதை அழித்தார்கள், ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடி குடியேற்றினார். அங்கே சபைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது, வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் கூடுவார்கள். ரோமானிய வீட்டின் சாப்பாட்டு அறையில் ஒன்பது பேர்வரை சாய்ந்து உண்ணலாம். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வந்து சேரும்போது உள்ளே பந்தி முடிந்திருக்கும். பவுல் சொல்வது இரண்டே சின்ன வாக்கியம்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் குடிவெறி. நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அப்புறம்தான் அந்த இரவின் வார்த்தைகளை நினைவுபடுத்துகிறார்.

உடன்படிக்கை என்றதும் அந்தக் காலத்து யூதருக்கு என்னென்ன நினைவுக்கு வந்திருக்கும்? சீனாய்மலை அடிவாரம் வந்திருக்கும். மோசே பலி இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும் பாதியை ஜனங்கள்மேலும் தெளித்தார். அதோடு முடியவில்லை. மோசேயும் ஆரோனும் எழுபது மூப்பர்களும் மலையேறிப் போய், தேவனைக் கண்டு, சாப்பிட்டுக் குடித்தார்கள் என்று யாத்திராகமம் 24 சொல்கிறது. இரத்தமும் சாப்பாடும் அங்கே ஒன்றாகவே வருகின்றன.

அதற்கும் முந்தியது ஆபிரகாம் கதை. கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இரண்டாக வெட்டி எதிரெதிரே வைக்கிறார். வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதிதான் என்று அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடந்துபோவது வழக்கம். இந்தக் கதையில் ஆபிரகாம் நடக்கவே இல்லை, தூங்கிவிடுகிறார். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும்தான் நடுவே கடந்துபோகின்றன. பொறுப்பு முழுவதையும் கடவுளே ஏற்றுக்கொள்கிறார்.

மனிதர்களே நடந்துபோன கதையும் உண்டு. எரேமியா புத்தகம் என்றால் பிரசங்கங்களில் 31-ஆம் அதிகாரம்தான் வரும்: புதிய உடன்படிக்கை பண்ணுவேன், என் நியாயப்பிரமாணத்தை, அதாவது என் சட்டத்தை, அவர்கள் இருதயத்தில் எழுதுவேன். எபிரெயருக்கு எழுதின நிருபம் அதை வரிவரியாக எடுத்துப் போடுகிறது. புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் மிக நீண்ட மேற்கோள் அதுதான். மூன்று அதிகாரம் தள்ளி 34-ஐ யாரும் புரட்டுவதில்லை. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் கன்றுக்குட்டியை வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து, எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை பண்ணுகிறார்கள். படை சற்று விலகியதும் விடுவித்த அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்! புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசிய தீர்க்கதரிசியின் புத்தகத்திலேயே இதுவும் இருக்கிறது. இருதயத்தில் எழுதுவது என்றால் ஏதோ உள்ளுக்குள் ஊறும் பக்தி என்று நினைப்பவர்கள் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம்.

கலாத்தியர் கடிதத்தில், 430 வருடம் கழித்து வந்த நியாயப்பிரமாணம் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கை ரத்து செய்யாது என்று பவுல் வக்கீல்போல வாதாடுகிறார். அதற்குள் இன்று நுழைய நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பர்னபா நிருபம் என்ற ஆதிகால நூல், கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை மோசே உடைத்த அன்றே யூதர்கள் உடன்படிக்கையை இழந்துவிட்டார்கள், அது நமக்கு மட்டுமே உரியது என்கிறது. பவுல் அப்படிச் சொல்லவில்லை. தேவனுடைய அழைப்பு மாறாதது என்று ரோமர் 11-இல் எழுதினார். பிற்காலத் திருச்சபை பலமுறை பர்னபாவின் பக்கம் சாய்ந்தது. அதன் விளைவை ஐரோப்பிய யூதர்கள் அனுபவித்தார்கள்.

மறுபடி பந்திக்கு வருகிறேன். நம்மூரிலும் இந்தக் கதை நடந்தது. சாதிவாரியாகத் தனி இடம், திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது என்ற வரிசை எல்லாம் இங்கே கோயிலுக்குள்ளேயே இருந்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இதை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

பவுல் கொரிந்தியருக்கு என்ன வழி சொன்னார்? சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். அது வரைக்கும் சரி. அடுத்த வரியிலேயே, பசித்தவன் வீட்டில் சாப்பிட்டு வரட்டும் என்கிறார். பணக்காரருக்கு அது வசதியான ஏற்பாடு. அடிமைக்கு எந்த வீடு, எந்தச் சாப்பாடு? எனக்கு அந்த வரியில் பவுலோடு சண்டை உண்டு. அவருக்கே அது போதவில்லையோ என்னவோ, மற்றதை நேரில் வந்து ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்த அதிகாரத்தை முடித்துவிட்டார்.