குளத்தைக் காக்க வாய்க்காலுக்குப் போவோம்

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பெரியவர்களும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்வெட்டியோடு வந்து நிற்கிற தம்பி தங்கைகளும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

நம் ஊர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நொய்யலின் வாய்க்கால்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். கோயம்புத்தூரில் ஆற்றை நினைத்து வருந்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். குளக்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அதைவிட அதிகம். ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கிற வாய்க்காலைத் தேடிப் போகிறவர்களைத்தான் காணோம்.

தண்ணீர் வருகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் கூடுதுறையில் சேர்ந்து நொய்யலாகின்றன. சித்திரைச்சாவடியில் தொடங்கி ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள். அவை தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி ராஜவாய்க்கால் என்கிற பெரிய வாய்க்காலில் திருப்பிவிடும், வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். உக்கடம் பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளத்துக்கு வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் வழிவது மறுபடி ஆற்றுக்கே. நம்முடையது மழை மறைவுப் பகுதி. மேற்கே மலையில் கொட்டுகிற மழையில் சிறு பங்குதான் ஊருக்குள் பெய்கிறது. அந்த மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்து, நிறுத்தி, மண்ணுக்குள் இறக்குவதற்காக நம் முன்னோர் செய்த ஏற்பாடு இது. எந்த இயந்திரமும் இல்லாமல், நிலத்தின் சரிவை மட்டும் நம்பிச் செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் வாய்க்கால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளலூர் குளத்தைச் சொல்லலாம். வெள்ளலூர் சாதாரண ஊர் இல்லை. ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்த ஊர், பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர். அங்கே ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ராஜவாய்க்கால் குப்பையாலும் மண்ணாலும் மூடிப்போய், குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2017 முதல் களத்தில் இறங்கினார்கள். இவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, குளத்தோடு நிற்காமல் வாய்க்காலைத் தூர்வாரியதுதான். அந்த வேலை படம் எடுத்துப் போடுகிற மாதிரியான வேலை இல்லை. கரையில் மரக்கன்று நட்டால் பார்க்க அழகாக இருக்கும். வாய்க்காலுக்குள் இறங்கினால் பிளாஸ்டிக் பை, உடைந்த பாட்டில், கட்டட இடிபாடு, சேறு, நாற்றம். அதையும் வாரம் வாரம் செய்தார்கள். வாய்க்கால் திறந்தது, குளத்துக்குத் தண்ணீர் வந்தது. அப்புறம்தான் கரையில் குறுங்காடு, பட்டாம்பூச்சிப் பூங்கா எல்லாம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வாய்க்கால், பிறகு தண்ணீர், பிறகு அழகு. பல இடங்களில் நாம் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். விளக்கும் நடைபாதையும் வந்துவிடுகின்றன, குளத்துக்குள் சாக்கடை வருவது நிற்பதில்லை.

அந்தச் சாக்கடை யாருடையது? ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இழுத்துக் கரையில் போடுகிறோம், சில வாரத்தில் குளம் மறுபடி பச்சையாக மூடிக்கொள்கிறது. அந்தச் செடிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். இரண்டையும் நம் கழிப்பறையும் துணி துவைக்கிற தண்ணீரும் தாராளமாக அனுப்புகின்றன. கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்ட வீடுகள் எத்தனையோ. அந்த வடிகால் வாய்க்காலில் சேர்கிறது. குளக்கரையில் குடிசை போட்டிருந்த ஏழைகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பிவிட்டோம். அவர்கள் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் விட்டுப்போன துயரம் இன்றும் இருக்கிறது. ஆனால் மாடி வீட்டிலிருந்து பூமிக்கடியில் வருகிற குழாயை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. அதுவும் ஆக்கிரமிப்புத்தான்.

பசுமை வாழ்க்கை என்றால் துணிப்பையும் மொட்டைமாடித் தோட்டமும் என்று சொல்கிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை: உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. பிரிக்காமல் கொடுத்தது வெள்ளலூர்க் கிடங்கில் மலையாகக் குவிந்து, அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் நாற்றத்திலும் புகையிலும் வாழ்கிறார்கள். சமையலறைக் கழிவை வீட்டிலேயே மக்க வைத்தால் அந்த மக்களுக்கு நேரடியாகச் செய்கிற உதவி அது. அதேபோல 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்று கட்டிய தொட்டியில் இன்று மண் அடைத்திருக்கும். அதைத் தோண்டிச் சுத்தம் செய்ய அரை நாள் போதும்.

கொஞ்சம் கீழே, திருப்பூரைத் தாண்டிப் போவோம். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992-இல் ஓர் அணை வந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கியதால் அது பாசனத்துக்கு உதவவில்லை. கிணறுகள் உப்பாயின, வயல்கள் கெட்டன. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை. மண்வெட்டியால் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை அது. பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, 2009-இல் தீர்ப்பு விவசாயிகள் பக்கம் நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதில் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தொடக்கத்திலேயே கழிவைச் சுத்திகரித்திருந்தால் விவசாயிக்கும் அந்தக் கஷ்டம் இல்லை, தொழிலாளிக்கும் இல்லை. தன்னார்வலர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உடல் உழைப்போடு காகித வேலையும் கற்றுக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் வாய்க்காலின் புல வரைபடத்தைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். வாய்க்காலின் அகலம் எவ்வளவு என்று ஆவணத்தோடு கேட்கிறவரை அதிகாரிகள் லேசில் திருப்பி அனுப்ப முடியாது.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். மலையில் பெய்து முதல் வெள்ளம் வருவதற்குள் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும், அதனால் மே மாதமே அணைக்கட்டிலிருந்து குளம் வரை நடந்து பார்த்துவிடுவோம். எங்கே அடைப்பு, எங்கே மதகு உடைந்திருக்கிறது, எந்தக் குழாய் சாக்கடையைக் கொண்டுவருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலோடு மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் போவோம். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தே மனு எழுதித் தரலாம். வருகிறவர்கள் வாசலில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வாய்க்காலில் கண்ணாடித் துண்டு கிடக்கும், செருப்போடு வராமல் முழு ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.