ஃபைனுக்குப் பயந்தா போதுமா?

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, வேலை முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இந்தச் சமூக மன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இளையர்களுக்கு வழிகாட்டி சட்டமா, அறநெறியான்னு தலைப்பு. நான் அறநெறி பக்கம். சிங்கப்பூர்ல நின்னுக்கிட்டு சட்டம் பத்தாதுன்னு பேசுறது கொஞ்சம் ரிஸ்க்தான், பரவாயில்ல.

எனக்கு முன்னாடி பேசுன தங்கச்சி டிரே கதைய எடுத்தாங்க. 2021 செப்டம்பருக்கு முன்னாடி ஹாக்கர் சென்டர்ல, அதான் நம்ம சாப்பாட்டுக் கடைங்க இருக்கிற இடத்துல, எத்தனை பேர் சாப்பிட்ட தட்ட எடுத்து வெச்சோம், சட்டம் வந்துச்சு, மொத தடவ எச்சரிக்கை, ரெண்டாவது தடவ மாட்டுனா 300 சிங்கப்பூர் வெள்ளி ஃபைன், இன்னிக்கு எல்லாரும் எடுத்து வெக்கிறோம்ல, அப்ப ஜெயிச்சது சட்டம்தானேன்னு கேட்டாங்க. நானும் கை தட்டுனேன், நல்லாத்தான் பேசுனாங்க.

ஆனா போன வாரம் தேக்கா ஹாக்கர் சென்டர்ல ஒண்ணு பார்த்தேன். பாலிடெக்னிக் படிக்கிற வயசுப் பையன், காதுல இயர்போன், தன் டிரேய எடுத்துட்டுக் கிளம்பிட்டான். பக்கத்து மேசையில ஒரு சீனப் பாட்டி, ஒரு கையில ஊன்றுகோல், இன்னொரு கையால டிரேய தூக்கப் பாக்குறாங்க, சூப் கிண்ணம் சரியுது. அவன் திரும்பி வந்து, ஒண்ணும் பேசல, அதையும் வாங்கி தன் டிரே மேல அடுக்கிக்கிட்டுப் போயிட்டான். அது எந்த செக்‌ஷன்ல வருது, தங்கச்சி?

அடுத்து இந்த பேங்க் அக்கவுண்ட் விஷயம். டெலிகிராம்ல மெசேஜ் வருது, கார்டும் பாஸ்வர்டும் குடு, சும்மா காசுன்னு, நம்ம பிள்ளைங்க சிலதும் குடுத்துட்டு, மோசடிக் காசு அது வழியாப் போனதும் 'நான் யாரையும் ஏமாத்தலையே, அக்கவுண்ட்தானே குடுத்தேன்'ங்குது. தெரிஞ்சே செஞ்சான்னு நிரூபிக்கிறது கஷ்டமா இருந்ததாலதான் 2023-ல சட்டத்தைத் திருத்துனாங்க, 2024 பிப்ரவரியில அது நடைமுறைக்கு வந்துச்சு. சரி, அதுவரைக்கும் அந்தப் பையனுக்கு யார் வழிகாட்டி? மோசடிக்காரன் ஓடுவான், சட்டம் மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னாடி வரும். 'மாட்டுவேனா'ன்னு மட்டும் கேக்கப் பழகுன பிள்ளை அந்த இடைவெளியில விழுந்துடும் ஐயா. 'இது எந்தத் தாத்தா ஓய்வுக்காலத்துக்குச் சேத்து வெச்ச சிபிஎஃப் காசு'ன்னு கேக்கத் தெரியணும், அது போலீஸ் போஸ்டர் பாத்து வராது, வீட்டுல சோத்துத் தட்டு முன்னாடி பேசிப் பேசி வர்றது.

எதிரணித் தம்பி, பெத்தவங்களப் பாத்துக்கவே 1995-ல சட்டம் போட்ட ஊரு இதுன்னு பெருமையாச் சொன்னாரு. அது பெருமையா தம்பி? 60 வயசு தாண்டி, தன்னைத் தானே பாத்துக்க முடியாத அப்பா அம்மா, பிள்ளைகிட்ட பராமரிப்புக் காசு கேட்டு அதுக்குன்னே இருக்கிற நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வேண்டிய சட்டம்தான், நான் மறுக்கல. எங்க புளோக்ல ஒரு அங்கிள் இருக்காரு, அவர் மகன் மாசம் பொறந்தா தவறாம காசு போட்டுடுவாரு, சட்டப்படி ஒரு குறை சொல்ல முடியாது. ரெண்டாம் தேதி காலையில அங்கிள் பேங்க் புக்க எடுத்துட்டுப் போயி மெஷின்ல அடிச்சுட்டு வருவாரு, லிஃப்ட்ல என்னைப் பாத்தா புக்க விரிச்சு அந்த ஒரு வரிய விரலால தடவிக் காட்டி, "பையன் வந்துட்டான், பாத்தியா"ம்பாரு. அவன் வர்றதே அந்த ஒரு வரிதான். ஞாயித்துக்கிழமை போயி அப்பாகூட ஒரு கோப்பி குடின்னு எந்த நடுவர் மன்றம் ஆர்டர் போடும்?

அப்புறம் மனுநீதிச் சோழன் சட்டத்தோட ஆளுன்னு வேற அடிச்சு விட்டாங்க. கன்னுக்குட்டி செத்ததுக்கு நூல்ல சொன்ன பரிகாரம் செஞ்சா போதும்னுதான் மந்திரிங்க சொன்னாங்க, கேக்காதது ராஜாவோட மனசு. அவரு எங்க அணி, தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, முடிச்சுடுறேன். இடைவேளையில குடிச்ச டீ கப்பெல்லாம் நாற்காலிக்கு அடியில கிடக்குறது இங்கேர்ந்தே தெரியுது. இந்த ஹால்ல டிரே ஃபைன் கிடையாது. எதிரணி மேசையில மட்டும் ரெண்டு கப்பு இருக்கு, நான் பேச வர்றதுக்கு முன்னாடியே எண்ணிட்டேன். நன்றி, வணக்கம்.