நஞ்சைப் பிழியும் கைகள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

அமேசன் காட்டு மக்கள் செடிகொடிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசக் கேட்டார்கள். நான் மரவள்ளியில்தான் தொடங்குவேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எத்தனை குடும்பத்துக்கு அவித்த மரவள்ளியும் சம்பலும்தான் சாப்பாடு என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது. 1786 இல் ஒல்லாந்தர் மொரிசியசிலிருந்து இங்கே இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள்.

பிரேசிலும் கொலம்பியாவும் தொடுகிற ரியோ நெக்ரோ ஆற்றுப்பக்கத்தில் துகானோ என்றொரு மக்கள். அவர்களுக்கும் மரவள்ளிதான் உணவு. ஆனால் நஞ்சு கூடிய கசப்பு மரவள்ளி. நம்முடையதைப்போல அவித்து இறக்கித் தின்றால் உயிராபத்து. விரும்பித்தான் அதை நடுகிறார்கள். அந்த நஞ்சுக்குப் பல பூச்சி புழுக்கள் கிட்ட வராது.

நஞ்சை எப்படி எடுக்கிறார்கள்? கூரிய கற்சில்லுகள் பதித்த பலகையில் பெண்கள் கிழங்கைத் திருவுகிறார்கள். திருவும்போது கிழங்குக்குள் தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் சேர்ந்து ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு வெளிவருகிறது. பிறகு பிழிய வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல விடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். திப்பித்தி என்று ஒரு கருவி. நாணல்போன்ற ஒரு செடியின் பட்டையால் பின்னிய, ஆளுயரக் குழாய். நம் பெண்கள் பனையோலையில் செய்கிற பன்னவேலையை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிய மாவை உள்ளே அடைத்தால் குழாய் குட்டையாகிப் பருக்கும். மேல்நுனியைக் கூரை வளையில் மாட்டி, கீழ்நுனியில் ஒரு தடியைச் செருகி அதில் ஏறி இருப்பார்கள். இழுபட இழுபடக் குழாய் ஒடுங்கும், சாறு வடியும். பின்னலின் சாய்வுதான் அந்த வேலையைச் செய்கிறது. ஆணியில்லை, இரும்பில்லை. இதைப் பார்த்துவிட்டு அவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சக்கையை அகன்ற தட்டில் வாட்டி ரொட்டியாக்குவார்கள். வடிந்த சாற்றையும் கொட்டுவதில்லை, நெடுநேரம் கொதிக்கவிட்டுக் குடிப்பார்கள். அந்த நஞ்சு 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மரவள்ளி அவிக்கும்போது மூடியைத் திறந்து வை என்று அம்மாமார் சொல்லுவதும் அதற்குத்தான். மறுபடியும் சொல்கிறேன், மூடியைத் திறந்தே அவியுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். திம்போ என்ற கொடியைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். வேரை இடித்து ஆற்றில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும். அந்த மீனைத் தின்பவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னாளில் உலகமெங்கும் பயிருக்கு அடித்த ரொட்டினோன் என்ற பூச்சிமருந்து இந்த வகைக் கொடிகளின் வேரிலிருந்து எடுத்ததுதான். இறப்பர்ப் பாலுக்குப் போக இன்றைக்கு நேரமில்லை. நன்றி, வணக்கம்.