‘டங்’ என்று சத்தம் வருவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், என் மகன் ஒரு கோரிக்கை வைத்தான். சாயங்காலம் அவன் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறவன். நாலரை மணிக்கு மைதானத்தில் இறங்குவதற்கு முன்னால் வயிற்றுக்கு எதையாவது போட்டாக வேண்டும். கூட விளையாடும் பையன்கள் எல்லாரும் கிரனோலா பார், அதாவது ஓட்ஸையும் கடலையையும் இனிப்புப் பாகில் ஒட்டி வெட்டிய துண்டு, கொண்டு வருகிறார்களாம். அவனுக்கும் வேண்டுமாம். சரி என்று கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்தேன்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். அன்றைக்கும் படித்தேன். முதலில் ஓட்ஸ். நல்லது. அடுத்தது சர்க்கரை. அதற்கடுத்து திரவ குளுக்கோஸ், பிறகு இன்வர்ட் சிரப், அதாவது உடைத்த சர்க்கரைப் பாகு, கொஞ்சம் தள்ளித் தேன். பொட்டலத்தில் சேர்மானங்களை எடை கூடுதலானதில் தொடங்கி குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனால் ஒரே இனிப்பை நாலு பெயரில் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் வரிசையில் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது பாருங்கள். நாலையும் ஒன்றாகக் கூட்டினால் ஓட்ஸையே முந்திவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் செய்துவிடலாம், என்ன பெரிய வித்தை என்று இறங்கினேன்.

முதல் தடவை செய்தது கடலை மிட்டாயையே தோற்கடித்தது. மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்தார், வெளியே எடுத்தார், பல் செட்டையும் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டாம் தடவை எதிர்ப்பக்கம் போய்விட்டது. காலையில் அழகாக வெட்டி டப்பாவில் அடுக்கினேன். சாயங்காலம் மகன் திறந்தபோது உள்ளே இருந்தது உதிரி உப்புமா. “அம்மா, இதுக்கு ஸ்பூன் வைக்கலியா?” என்று கேட்டான்.

இரண்டு தடவைக்கும் பொதுவான தவறு ஒன்று. பாகின் பதத்தைக் கவனிக்கவில்லை. அதுவும் யார்? சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க மாமாவின் கடலை மிட்டாய்ப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவள். எங்கள் பக்கம் கோவில்பட்டிச் சீமை. அந்த ஊர் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமா பட்டறையில் தெர்மாமீட்டர் கிடையாது. பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள். அதை எடுத்துத் தட்டில் போடுவார்கள். ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு இறக்கலாம். அவ்வளவுதான் பரிசோதனை.

நமக்கு வேண்டியது அந்தச் சத்தத்துக்கு ரொம்ப முன்னால் இருக்கிற பதம். அதிரசம் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் விட்ட பாகைக் கரையாமல் விரலால் கூட்டி உருட்டலாம், ஆனால் வெளியே எடுத்தால் மெத்தென்று அமுங்கும். அதைத்தான் உருட்டுப் பதம் என்பார்கள், சில வீடுகளில் தக்காளிப் பதம். தெர்மாமீட்டர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். அப்போது பாகில் 15 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் மிச்சம் இருக்கும். கடலை மிட்டாய்க்கு 140-ஐயும் தாண்டிக் காய்ச்சுகிறோம். அங்கே தண்ணீர் அநேகமாக இல்லவே இல்லை, அதனால்தான் கடித்தால் உடைகிறது. மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான், கடித்தால் லேசாக இழுபடுகிற ஜவ்வுத் தன்மையைக் கொடுக்கிறது. திருவிழாவில் கம்பில் சுற்றிக்கொண்டு வருவாரே ஜவ்வு மிட்டாய்க்காரர், அவ்வளவு இழுபட வேண்டாம். அவருக்கும் மாமாவுக்கும் நடுவில் எங்கேயோ நிற்க வேண்டும்.

கிரனோலாவின் சொந்த ஊர் பற்றியும் ஒரு வார்த்தை. 1863-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து டான்ஸ்வில் என்ற ஊரில், நீர் மருத்துவ விடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர், தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு ‘கிரானுலா’ என்று ஒன்றைச் செய்தார். கல் மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால்தான் காலையில் மெல்ல முடியும். பிற்பாடு மிச்சிகன் மாகாணத்தில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற இன்னொரு மருத்துவர் அதே மாதிரி ஒன்றை அதே பெயரில் செய்யப் போக, தகராறு வந்து, பெயரில் ஒரு எழுத்தை மாற்றி ‘கிரனோலா’ ஆக்கினார். ஆக, நோயாளிகளுக்காகப் பிறந்த பத்தியச் சாப்பாடு இது. அது இனிப்புப் பாகில் குளித்து, பளபளக்கிற உறைக்குள் போய்ப் பள்ளிப் பையில் ஏறியதெல்லாம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு.

சரி, இப்போது பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகளை மெதுவாகச் சொல்கிறேன். ரோல்டு ஓட்ஸ், அதாவது தட்டையான முழு ஓட்ஸ், 150 கிராம். உடனடி ஓட்ஸ் வேண்டாம், மாவாகிவிடும். கெட்டி அவல் 50 கிராம். நிலக்கடலை 75 கிராம். எள்ளும் பூசணி விதையும் சேர்த்து 25 கிராம். இவை உலர்ந்த பொருள்கள். ஒட்டவைப்பதற்கு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், வெல்லம் 75 கிராம், தேன் 50 கிராம், அரைத்த நிலக்கடலை விழுது 60 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. இந்த உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் நாக்கில் நிற்கும்.

உலர்ந்தவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டினால் எள் கருகும், கடலை பச்சையாக நிற்கும். ஓட்ஸைச் சின்னத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். நிறம் பெரிதாக மாறாது, ஆனால் பச்சை மாவு வாசம் போய் ஒரு பிஸ்கட் வாசம் வரும். அவல் விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். சுருங்கினது, நிறம் மாறினது, பூசணம் பிடித்தது எதுவாக இருந்தாலும் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். கடலையில் வளர்கிற ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

கடலை விழுது கடையில் வாங்க வேண்டியதில்லை. வறுத்த கடலையை மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஓரத்தில் அப்பிக்கொண்டு அசையாது. இது ஆகாது போலிருக்கிறதே என்று பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். வழித்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் கடலை தன் எண்ணெயைத் தானே விட்டு இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது.

பேரீச்சம்பழத்தைப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, நன்றாக வடித்து அரையுங்கள். வடிப்பதில் சோம்பல் பட்டால் இரண்டாம் நாளே பார் கசகசத்துப் போகும்.

இனி பாகு. வெல்லத்தைப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான சின்னப் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். கொஞ்சம் வெல்லம்தான் என்பதால் பதம் மிக வேகமாகத் தாண்டிப் போகும். செல்போன் அடித்தால் அடிக்கட்டும். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நுரை பொங்கத் தொடங்கியதும் சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் கொஞ்சம். கூட்டினால் மெத்தென்ற உருண்டையாக வந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் தேன், எண்ணெய், கடலை விழுது, பேரீச்சை விழுது, உப்பு எல்லாம்.

தேன் இங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதே. ஆறினால் மறுபடி படிகமாகி நறநறவென்று ஆகப் பார்க்கும். தேனில் இருப்பது பெரும்பாலும் அதைவிடச் சிறிய சர்க்கரைகளான குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அவை குறுக்கே நின்று சுக்ரோஸ் அணிவகுக்க விடாமல் தடுக்கும். போதாக்குறைக்கு ஃபிரக்டோஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைக்காரர்கள் திரவ குளுக்கோஸும் இன்வர்ட் சிரப்பும் ஊற்றுவதும் இதற்காகத்தான். அதுவரை அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அளவில்தான் எனக்கு வழக்கு. தேன் இல்லாவிட்டால் பாகு கொதிக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு சுக்ரோஸை உடைத்து, அதே வேலையைக் கொஞ்சமாவது செய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம்.

சூடு ஆறுவதற்குள் வறுத்ததைக் கொட்டிக் கிளறி, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் பரப்புங்கள். ஓரம் உயர்ந்த சதுரத் தட்டு நல்லது. இப்போது அழுத்த வேண்டும். என் இரண்டாம் தடவை உப்புமா ஆனதற்குப் பாகு பாதிக் காரணம், அழுத்தாதது மீதிப் பாதி. மேலே இன்னொரு பேப்பர் வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகத்தால் மூலை முடுக்கெல்லாம் அழுத்துங்கள். மாமா பட்டறையில் கட்டையால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அவர் கை நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். நான் குழவியையே உருட்டிப் பார்த்துவிட்டேன், பேப்பர் கிழிந்தது. டம்ளரே போதும்.

அரை மணி நேரம் வெளியில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு வெட்டுங்கள். கத்தியை இழுக்காமல் மேலிருந்து ஒரே அழுத்தாக அழுத்தினால் ஓரம் உதிராது. 16 துண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் கெட்டதில்லை. மழை நாளில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துவிடும்.

இப்போது ‘ஆரோக்கியமான’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த உரைக்கு அழைத்தபோது தலைப்பில் அந்தச் சொல் இருந்தது, அதனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன அளவில் ஒரு துண்டுக்கு வெல்லம், தேன் வழியாகச் சேரும் சர்க்கரை சுமார் 7 கிராம். பேரீச்சையையும் சேர்த்தால் 11 கிராம். ஒரு துண்டு ஏறத்தாழ 155 முதல் 160 கலோரி. இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது பெரியவர்களுக்கு 25 கிராம் அளவில், இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்தக் கணக்கில் தேனும் அடக்கம், அதை மறந்துவிடாதீர்கள். வெல்லம் போட்டால் சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு நம் வீடுகளில் உண்டு. வெல்லமும் சர்க்கரைதான். வாசனை கூடுதல், கொஞ்சம் தாது உப்பு கூடுதல், அவ்வளவே. ஒரு மணி நேரம் ஓடப் போகிற பையனுக்கு ஒரு துண்டு பொருத்தம். டிவி முன்னால் உட்கார்ந்து நாலு துண்டு போனால் அது 600 கலோரிக்கு மேல், ஒரு வேளைச் சாப்பாடு. அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாடும் சாப்பிடுவோம்!

மகனிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கூட விளையாடுகிறவர்களுக்குக் கொடுக்கும் முன் கடலை, எள் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது விளையாட்டு இல்லை.

மாமியாருக்கு இப்போது தனி ஏற்பாடு. கடலையைக் கொரகொரவென்று பொடித்து, ஓட்ஸையும் அவலையும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டுச் செய்கிறேன். பல் செட்டோடு சாப்பிடுகிறார். ஆனால் அவருக்குப் பிடித்தது பாரே இல்லை. வெட்டும்போது பலகையில் உதிரும் தூளைச் சேர்த்துக் கிண்ணத்தில் போட்டு, பால் ஊற்றி, ஊறும் வரைக்கும் காத்திருக்கிறார். டான்ஸ்வில் டாக்டரைப் பற்றி அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.